சனிக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை எங்களுக்குக் கொடுங்கள்

கட்டணமில்லாத் தொலைக்காட்சிகளில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை தமிழில் கார்ட்டூன் போடுங்கள். இங்கேயே, கோலாலம்பூரிலேயே, நம் ஆட்களை வைத்துக் குரல் கொடுத்த கார்ட்டூன்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவன் எழுதினால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற புலம்பலாகத்தான் இருக்கும் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் பாதி மட்டமானவை. இப்போது மகளோடு உட்கார்ந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. ஒருவன் ஓடுவான், இன்னொருவன் துரத்துவான். பின்னால் அதே ஜன்னல், அதே பூச்சாடி, அதே நாற்காலி திரும்பத் திரும்ப வந்து போகும். "ப்பா, இவங்க வீடு என்னா இவ்ளோ நீளமா இருக்கு?" என்று கேட்டாள். அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனத்தின் யோகி என்ற கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. காலர் இருந்தால் உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் புதிதாக வரையலாம், ஒட்டு தெரியாது. வாராவாரம் தொலைக்காட்சிக்குப் படம் கொடுக்க வேண்டியவர்கள் கண்டுபிடித்த சிக்கனம் அது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதைக் காவியம் என்று சொல்லிக்கொண்டு நான் வரவில்லை.

நான் கேட்பது அந்த நேரத்தை. கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் சனிக்கிழமை காலை வாசல் கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கும், இரும்புக் கிரில் மட்டும் பூட்டியிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். பாதிப் படத்தில் ரொட்டி வாங்க அனுப்பினால்கூடக் கவலையில்லை. மாக்சிக் (மலாய்க்கார அத்தை) வீட்டு கிரில் வழியாகக் கொஞ்சம், சீன அங்கிள் வீட்டு கிரில் வழியாகக் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே மின்தூக்கி வரைக்கும் போய்விடலாம். விட்டால் போனதுதான், திரும்பப் பார்க்க வழியில்லை. அதனால் பல்கூட விளக்காமல் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்போம். திங்கட்கிழமை பள்ளியில் எல்லாரிடமும் பேச ஒரே கதை இருக்கும்.

ஆனால் அந்தக் கதை தமிழில் இருக்காது. ஜப்பான் பூனை மலாய் பேசியது, அமெரிக்க முயல் ஆங்கிலம் பேசியது. எங்கள் வீட்டுப் பெட்டியில் தமிழ் என்றால் செய்தி, இல்லையென்றால் சினிமா. தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் நாங்கள் மலாயைப் பாதி இந்தக் கார்ட்டூன்களில்தான் கற்றுக்கொண்டோம், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இன்னொன்றும் நடந்தது. நடைபாதையில் விளையாடும்போது கதாநாயகனாகிவிட்டால் உடனே மலாய்தான்: "ஜாங்ஙான் லாரி!" (ஓடாதே!) வில்லன் செத்து விழுவதும் மலாயில்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் தமிழுக்குத் திரும்புவோம். பறப்பதும் மாயமாக மறைவதும் தமிழில் நடக்கிற காரியம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படத்தைச் செய்தவர் ஆனந்தம் சேவியர் என்ற நம்மவர். அரசின் படத்தயாரிப்பு நிறுவனமான பிலெம் நெகாராவில் வேலை பார்த்தபோது 1978இல் 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' (சருகுமான் கதை) படத்தை முடித்தார். அது ஒளிபரப்பானது 1983இல். அதற்குப் பிறகு பிலெம் நெகாராவிலிருந்து வரிசையாகக் குறும்படங்கள் வந்தன. 1987இல் சருகுமானும் முதலையும் வரும் படம். ராஜா கணக்கெடுக்கச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் மிதித்து எண்ணிக்கொண்டே ஆற்றைத் தாண்டிவிடுமே, அந்தச் சருகுமான் கதையை இங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. சேவியரின் பெயரைக் கேட்டால் எத்தனை தமிழ்ப்பிள்ளைகளுக்குத் தெரியும்? முதல் சனிக்கிழமைக்கு எதைப் போடலாம் என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை.

1996இல் அஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி வந்தது, 2007இல் சென்னையில் தொடங்கிய சுட்டி டிவி என்ற பிள்ளைகள் அலைவரிசையும் வந்தது, அதுதான் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது, நல்லதுதான். ஆனால் மாதக் கட்டணம் கட்டுகிற வீட்டுக்கு மட்டும். அதோடு அதில் வரும் பூனை சென்னைப் பூனை. நம் பிள்ளையைப் பார்த்து "பசியாறிட்டியா?" என்று நம் ஊர்த் தமிழில் கேட்கிற பூனை அங்கிருந்து வராது. வானொலி நாடகமும் தொலைக்காட்சி நாடகமும் செய்து பழகிய குரல்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. கார்ட்டூன் வாயைத் திறந்து மூடுகிற அழகுக்கு, சினிமா மாதிரி உதட்டசைவை மில்லிமீட்டர் கணக்கில் பொருத்தவும் தேவையில்லை. 'உப்பின் இப்பின்' என்ற நம் நாட்டு மலாய்க் கார்ட்டூனில் கடை வைத்திருக்கும் அங்கிள் முத்துவையும் மாடு வளர்க்கும் ராஜூவையும் முதலில் தமிழ் பேசவைத்தால்கூடப் போதும். நம் முகங்கள் படத்தில் வந்தாயிற்று, பேச்சுதான் பாக்கி.

கைப்பேசி இருக்கும்போது யார் மணி பார்த்து டிவி முன்னால் உட்காருவார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமானது. இந்தப் பழக்கத்தின் தாயகமான அமெரிக்காவிலேயே நாள் முழுக்கக் கார்ட்டூன் ஓடும் கேபிள் அலைவரிசைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. 1990இல் வந்த குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டத்துக்குப் பிறகு, அந்த நேரத்தைக் கல்வி நிகழ்ச்சிகள் பிடித்துக்கொண்டன. கடைசியில் 2014 செப்டம்பரில் சிடபிள்யூ என்ற தொலைக்காட்சி நிலையமும் தன் சனிக்கிழமைக் கார்ட்டூன் வரிசையை நிறுத்தியது. அங்கே வியாபாரம் படுத்தது, நிறுத்தினார்கள். நமக்கு அங்கே இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. கைப்பேசியைக் கையில் கொடுத்தால் பிள்ளை தனியாக ஒரு மூலைக்குப் போகிறது, அது தானாக அடுத்தடுத்து எதையாவது ஓட்டுகிறது, இரண்டு மூன்று தாண்டினால் ஆங்கிலம்தான். கூடத்து டிவியில் போனால் பாட்டியும் உட்காருவார், "யாருடா அந்தக் குண்டன்?" என்று கேட்பார், பிள்ளை பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் தமிழில். என் மாமியார் கார்ட்டூன் பார்த்தால் வில்லனைத் திட்டுவதைக் கேட்கவே தனியாகக் கூட்டம் கூடும்.

எட்டிலிருந்து பத்து என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அதற்கு மேல் டியூஷன், பரதம், பள்ளியில் புறப்பாடம் என்று பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். பதினொரு மணிக்குப் போட்டுவிட்டுப் பார்க்க ஆளில்லை என்று கை விரிக்காதீர்கள். முதலில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். நிகழ்ச்சியை அறிவிக்கும்போது மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியிலும் சொல்லச் சொல்லுங்கள். காலையில் சமையலறையில் ஓடுவது அதுதான்.

இப்படிக்கு,
செந்தூலில் வளர்ந்த ஓர் அப்பா