செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சந்தா, பொங்கல் விளையாட்டு, நூலகச் செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் உள்ளன. இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தவர் புதுவையின் முன்னாள் முதல்வர் எதுவார் குபேர். அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 18 அன்று கீழூர் நினைவிடம் சென்றோம். 1954இல் அங்கு வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைப் பகுதிகள் இந்தியாவோடு இணைய ஆதரவளித்தார்கள். திரும்பும்போது வேனிலேயே வாக்குவாதம். "குபேர் இந்தப் பக்கம் வராம இருந்தா இந்த 170 ஏது?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். "அவரு கட்சி ஆளுங்க அடிச்ச அடியை எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு சார்" என்றார் பக்கத்து சீட்டில் இருந்தவர். அதன்பின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராக, பாரிஸ் நாடாளுமன்றம் வரை போனவர் குபேர். இணைப்புக் கேட்டவர்கள் அடியாட்களிடம் பட்ட பாடு அந்தக் காலத்ததுதான். 1954 மார்ச்சில் அவரே இணைப்புக் கோரி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். தன் மேல் வந்த விசாரணைக்குப் பயந்தே மாறினார் என்பாரும் உண்டு. பின்னர் புதுவை மேயரானார், 1963இல் முதல்வரானார், அடுத்த ஆண்டே பதவி போனது. பெரிய மார்க்கெட்டும் கடற்கரைச் சாலையும் இன்று அவர் பெயரில்தான் இருக்கின்றன.

அவரை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். என் மனதை உறுத்துவது வேறு. திட்டவோ பாராட்டவோ இன்று நமக்கு ஒரு மேயரே இல்லை. 1880 முதல் நகராட்சி மன்றம் கண்ட ஊர் இது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலமும் 2011இல் முடிந்தது. 2014இல் மழையில் இடிந்த மேரி (நகராட்சி மன்ற) கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். அதில் உட்கார வேண்டிய மன்றத்தைத்தான் காணோம்.

ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாய்க்கால் தூர்வாரக் கேட்டு நாம் கொடுத்த மனுவுக்கு ரசீது மட்டுமே வந்தது. போய்க் கதவைத் தட்ட வார்டு கவுன்சிலர் இல்லை.

எனவே, உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானத்தை இப்பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வாய்க்கால் மனுவின் நகலும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்