பிளஸ் ஒன் மாணவர்களின் பெற்றோருக்கு: ஐ.ஐ.டி. தகுதிப் பாடமும் மே மாத விடுமுறையும்

அன்புடையீர்,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் பிள்ளைகளில் பலர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போவதும், அந்தக் கூலி பள்ளி திறக்கும் நேரத்துச் செலவுக்குக் கைகொடுப்பதும் நான் அறிந்ததே. அறிந்திருந்தும், இந்த மே மாதத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுத்தருமாறு கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டு முதல் தரவு அறிவியலில் (கணிதமும் கணினியும் கொண்டு தகவல்களை ஆராயும் படிப்பு) இணையவழிப் பட்டப்படிப்பை நடத்திவருகிறது. இதில் சேர ஐ.ஐ.டி.களுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களை நான்கு வாரம் காணொலியில் நடத்தி, வாரந்தோறும் பயிற்சிகள் கொடுத்து, அதன்பின் தேர்வு மையத்தில் நேரடியாகத் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பிளஸ் ஒன் முடித்தவர்களும் எழுதலாம். தேறினால், பிளஸ் டூ தேர்ச்சி பெற்றதும் சேர்ந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், எந்தக் குரூப்பும் தடையில்லை. வணிகவியல் குரூப் பெற்றோர் இவ்வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோது தமக்கில்லை என்று ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் உங்கள் பிள்ளைகளே.

பட்டம் கிரெடிட் கணக்கில், அதாவது ஒவ்வொரு பாடத்தையும் முடிக்கும்போது சேரும் புள்ளிகளின் கணக்கில், வழங்கப்படுகிறது. அடிப்படை நிலையில் 8 பாடங்களுக்கு 32 கிரெடிட். 114 சேர்ந்தால் பி.எஸ்சி., 142 சேர்ந்தால் நான்காண்டுப் பட்டமான பி.எஸ். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு என்பதும், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் தொடரலாம் என்பதும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. தகுதித் தேர்வுக்கென்று தனியாகக் கிரெடிட் கிடையாது. ஆனால் அதற்குப் படிப்பது அடிப்படை நிலைப் பாடங்களின் முதல் நான்கு வாரப் பகுதியே என்பதால், அந்த உழைப்பு வீண்போகாது.

உண்மையான சிக்கல் ஆங்கிலம். சராசரி காணும் கணக்கைத் தமிழில் கேட்டால் சட்டென்று விடை சொல்லும் மாணவி, அதே கணக்கு ஆங்கிலத்தில் நான்கு வரியாக வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். அதனால்தான் மே மாதம் முழுவதும் காலை 9.30 முதல் 12.30 வரை, கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நம் பள்ளியின் உயர் தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்தில் முன்தயாரிப்பு வகுப்பு நடத்துகிறார்கள். இதற்காகச் செல்போனோ மடிக்கணினியோ வாங்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொள்கிறது. படிப்பில் சேர்ந்த பின் குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்பதால், வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வைப்பது நல்லது.

இந்த மே மாத வகுப்பில் எல்லாரையும் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. ஆண்டுத் தேர்வில் தடுமாறியவர்களுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வே முதன்மை. அவர்களுக்கு ஜூன் முதல் தனி வகுப்பு உண்டு.

ஒப்புதல் படிவம் இத்துடன் உள்ளது. கையெழுத்திட இயலாதவர்கள் கைரேகை வைத்தால் போதும். ஷிப்ட் காரணமாகப் பகலில் வர இயலாத பெற்றோர் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி வரை பள்ளியில் என்னைச் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்