முதலில் குரலைக் கேள், மாப்பிள்ளை

மண்டபம்,
ஆவணி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சியும் மருமக்களும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டியிருந்தது, அதனால்தான் தாமதம்.

இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. தென்கடல் கொந்தளிப்பாகவே கிடக்கிறது, தொழிலெல்லாம் வடகடல் பக்கம்தான். பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள் அல்லவா, ராமேசுவரத்துக்கு ரயில் மறுபடி போகிறது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு ராத்திரியில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல இருந்தது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தேவிபட்டினத்து வீட்டு மாடியில் ஓர் அறையை ஒதுக்கிவிட்டேன், கையில் நாலு லட்சம் இருக்கிறது, உன்னுடையது மாதிரி பெரிய ரிசீவராக வாங்கிவிடவா, பாட்டுக்கும் படத்துக்கும் அது ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறாய். ரிசீவர் என்பது டிவி, சிடி ஒலியை வாங்கிப் பெருக்கி எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதானே, படத்துக்கு அது தாராளமாகப் போதும். பாட்டுக்கும் போதும், ஆனால் பாட்டுக்காக அவ்வளவு பெரிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

என்னிடம் இருப்பது டெனானின் எக்ஸ்8500எச். 2018-இல் வந்த மாடல். சென்னையில் ஒருவர் வேறு பெட்டிக்கு மாறப் போகிறேன் என்றதும் அவரிடமிருந்து வாங்கி வந்தேன். 13 ஆம்ப்ளிஃபயர்கள் ஒரே பெட்டிக்குள். 23 கிலோவுக்கு மேல் எடை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது என்பதால் கார் பிடித்தேன். டால்பி அட்மாஸ், டிடிஎஸ் எக்ஸ், ஆரோ 3டி என்ற சுற்றொலி முறைகள் மூன்றையும் ஓட்டும். நான் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, கூரையில் நான்கு, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர் என்று வைத்திருக்கிறேன். பதின்மூன்றில் ஒன்பதுதான் வேலை செய்கிறது. மீதி நாலும் சும்மா இருக்கின்றன, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறேன் என்பதை நீ கவனி.

வாட் கணக்கைப் பார்த்து மயங்காதே. ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு, 150 வாட் என்று போட்டிருக்கும். அது 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்த கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழுப் பலத்தில் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு வராது, ஏனென்றால் எல்லாம் ஒரே மின் ஊற்றிலிருந்துதான் குடிக்கின்றன. ஆனால் அதனால் குறை ஒன்றும் இல்லை. என் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். பத்தடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்து அறை நிறைய 75 டெசிபலில் பாட்டுக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட்டில் கால் பங்குதான் செலவாகிறது. தவில்காரர் ஓங்கி அடிக்கும் நொடியில் சத்தம் 20 டெசிபல் ஏறினால் நூறு மடங்கு பலம் வேண்டும். அப்போதும் 25 வாட்டுக்குள்தான். 100 வாட் பெட்டிக்கும் 150 வாட் பெட்டிக்கும் நடுவில் இருப்பது 2 டெசிபல்கூட இல்லை. அந்த வித்தியாசத்துக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்காதே.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு கடையில் நான் கிட்டத்தட்ட ஏமாந்தேன். விலை குறைந்த ரிசீவரையும் உயர்ந்ததையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். உயர்ந்ததில் குரல் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அதைச் சற்றுச் சத்தமாக வைத்திருந்தார்கள் என்று உறைத்தது. ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். நீ எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல். செல்போனில் சத்தம் அளக்கும் செயலி இருக்கிறது, ஒப்பிட அது போதும்.

நான் மறுபடி செய்த சோதனை இதுதான். அப்பா காலத்து இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று என்னிடம் இருந்ததே, நீகூட அதில் கேட்டிருக்கிறாய். அதையும் புதியதையும் அதே ஸ்பீக்கர்களில் மாட்டி, சத்தத்தைச் சமமாக்கி, முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். எது ஓடுகிறது என்று சொல்லாமல் வீட்டுக்காரி வயரை மாற்றிப் போட்டாள். ரிசீவரை 'ப்யூர் டைரக்ட்' என்ற முறையில் வைத்திருந்தேன், அதாவது அறைக்கேற்ற திருத்தம் எதுவும் இல்லாமல். நாதஸ்வரம், வீணை, பழைய மேடைக் கச்சேரி என்று பன்னிரண்டு முறை. சரியாகச் சொன்னது ஏழு. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும். மே மாதம் செய்தபோதும் இதே கதைதான், அப்போது நம்ப மனம் வரவில்லை.

ஆனால் திருத்தத்தைப் போட்டதும் கதை மாறிவிட்டது. போர்வைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டேன், ரிசீவரே நன்றாக இருந்தது. காரணம் என் அறை. 20 அடி நீளம், கான்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை. 20 அடி அறையில் 28 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், அதன் இரட்டிப்பான 56 பக்கத்திலும் ஒலி சுவருக்கும் சுவருக்கும் மோதி வீங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் ஒலி குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்ததற்கு அதுதான் காரணம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது வேறு, வீக்கம் அங்கேதான் அதிகம். நாலடி முன்னால் இழுத்துப் போட்டேன், பாதி சரியாயிற்று. அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

மீதியை ரிசீவரில் உள்ள ஆடிஸி திருத்தம் பார்த்துக்கொண்டது. ஒரு சின்ன மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 'விர்ர்' என்று ஒலி விட்டு அளக்கும். எட்டு இடம் வரை அளக்கலாம். கையில் பிடிக்காதே, ஸ்டாண்டில் வை. ஃபேனை நிறுத்து. நம் கரையில் இது லேசான காரியம் இல்லை, மாப்பிள்ளை. காற்று, படகு எஞ்சின், நாய், எதாவது ஒன்று மைக்கில் விழும். நான் மீன்பிடித் தடைக்காலம் முடியுமுன், ஜூன் முதல் வாரத்தில் விடியற்காலை நாலு மணிக்குச் செய்தேன். விசைப்படகு ஒன்றும் போகாது, காற்றும் எழும்பியிருக்காது. நீயும் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் ஒரு நாளைப் பார்த்து வைத்துக்கொள்.

அளந்து முடித்த பிறகு இரண்டு விஷயத்தைக் கையால் மாற்றினேன். முன் ஸ்பீக்கர்களை அது 'பெரியது' என்று குறித்திருந்தது, அதைச் 'சிறியது' ஆக்கி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்குத் தள்ளினேன். இன்னொன்றுதான் முக்கியம். இந்தத் திருத்தம் தானாகவே 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் கொஞ்சம் குழியாக்கிவிடுகிறது. பல ஸ்பீக்கர்களுக்கு அது நல்லது என்பது அவர்கள் எண்ணம். என் வீட்டில் அது பாடுகிறவர் இரண்டடி பின்னால் போய் நின்றது போல் ஆக்கிவிட்டது. நாதஸ்வரத்தில் சீவாளியின் அந்தக் கூர்மை மழுங்கியிருந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஒரு செயலியில் அந்தக் குழியை எடுத்துவிட முடியும். திருத்தத்தையே 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் என்று நிறுத்தவும் முடியும். இரண்டையும் செய்தேன். அன்று சாயங்காலம் ஒரு பழைய கச்சேரியைப் போட்டதும் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை, பாட்டு முடியும்வரை நின்றாள்.

மாப்பிள்ளை, நமக்குக் காது திறந்ததே குரலால்தானே. ராத்திரி மத்திய அலையில் கடலைத் தாண்டி இலங்கை வானொலி வரும். உங்கள் வீட்டுத் திண்ணையில் ரேடியோவைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். அதில் பேஸ் இல்லை, ட்ரெபிள் இல்லை, ஒரே ஸ்பீக்கர், கரகரப்பு வேறு. ஆனாலும் அறிவிப்பாளர் நம்மிடமே பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் எந்தப் பெட்டியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது தனியாக ஒருவர் பேசுவதை. மெல்லிய சத்தத்தில். மூச்சு இழுப்பது தெரிகிறதா, 'ழ' ழவாகவே வருகிறதா, 'ச' சீறுகிறதா என்று பார். வெடிச்சத்தத்தை எந்தப் பெட்டியும் போட்டுவிடும்.

படத்துக்கு வருவோம். அட்மாஸ் தியேட்டருக்கு வந்தது 2012-இல், வீட்டுக்கு வந்தது 2014-இல். தலைக்கு மேலே ஸ்பீக்கர் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். ஒரு ராத்திரி படத்தில் மழைக்காட்சி வந்தது. அம்மா எழுந்து, "மாடியில கருவாடு காயுதுடா, போய் அள்ளு" என்றாள். மேலே போய்ப் பார்த்தால் நட்சத்திரம். அதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுத?

அம்மாவுக்காக இன்னொன்று செய்தேன். படத்தில் பேச்சு ஏறக்குறைய முழுவதும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் 3 டெசிபல் ஏற்றி வைத்தேன். பத்து வருடமாக டிவியை அலறவிட்டும் கதை புரியாமல் இருந்தவள், இப்போது எனக்கு முன்னால் கதையைச் சொல்கிறாள். இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் பதின்மூன்று சேனலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். பாட்டுக்கென்று ஒரு குறிப்பும் இருக்கிறது: 'டைனமிக் இக்யூ' என்று ஒன்று குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். படத்துக்கு அப்படியே விடு. பாட்டுக்கு அதன் அளவை 10 அல்லது 15 என்று தள்ளி வை, இல்லாவிட்டால் தம்புராவே உறுமும்.

நம் ஊர் உப்புக்காற்றை மறந்துவிடாதே. ஸ்பீக்கர் வயரின் செம்பு முனையை வெறுமனே முறுக்கி மாட்டியிருந்தேன், ஒரே வருடத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. பழைய முனையை வெட்டிவிட்டுத் தங்கமுலாம் பூசிய பிளக் போட்டுவிட்டேன். ரிசீவரை அலமாரிக்குள் அடைக்காதே, நன்றாகச் சூடாகும், மேலே ஓர் அடி இடமாவது விடு. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் முதலில் டிஷ் வயரைக் கழற்றிப் பார், என் வீட்டில் அதுதான் குற்றவாளி. அப்புறம், அறையைத் தயார் செய்யும்போதே எலக்ட்ரீஷியனிடம் எர்த் குழியைச் சரியாகப் போடச் சொல். மணல் தரை, கோடையில் காய்ந்துவிடும்.

உன் நாலு லட்சத்துக்கு என் கணக்கு இது. முன் ஸ்பீக்கர் மூன்றுக்கும் சப்வூஃபருக்கும் இரண்டு லட்சம். ஒன்பது சேனல் உள்ள நடுத்தர ரிசீவர் ஒன்றேகால் லட்சத்துக்குள். அதில் வேறு பெட்டிக்கு ஒலியை எடுத்துக் கொடுக்கும் ப்ரீ-அவுட் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள், நாளைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்க ஆசை வந்தால் வழி இருக்கும். அறைத் திருத்தம் நல்லதாக இருக்கிறதா என்பதைச் சேனல் எண்ணிக்கைக்கு முன்னால் பார். மீதியை அறையில் போடு: கனமான திரை, தரையில் ஜமக்காளம், மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை மடித்து நிறுத்தினாலும் சரி, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பார். 'டிங்' என்று சுவர் பதில் சொல்வது நிற்கும்வரை பெட்டி வாங்கப் போகாதே. படம் பார்ப்பதே இல்லை, பாட்டு மட்டும்தான் என்று நீ மனதை மாற்றிக்கொண்டால், ரிசீவரே வேண்டாம், நல்ல இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் போதும். ஆனால் மருமக்கள் இருக்கிற வீட்டில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும்.

எதையும் வாங்குமுன் ஒரு சனிக்கிழமை வந்து இரண்டு நாள் தங்கு. உனக்கு மனப்பாடமான சிடி எதாவது எடுத்து வா. போர்வை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, பின்னால் வயர் மாற்ற வீட்டுக்காரியும் தயார். பன்னிரண்டில் நீ எத்தனை சொல்கிறாய் என்று பார்ப்போம். தங்கச்சிக்கு அம்மா நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள், வெறுங்கையாக வந்தால் போதும்.

அன்புடன்,
உன் மச்சான்