ஆத்தாள் தண்டித்தாளா? கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு வணக்கம்.

போன வெள்ளி பூசை முடிந்ததும் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "மண் சரிவதெல்லாம் சாமி குடுக்கிற தண்டனை, மீரியபெத்தையை மறந்துட்டீங்களா?" என்றார். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது, என் பக்கத்தில் நின்ற அக்காவின் சொந்தங்கள் மண்ணுக்குள் போனவர்கள். வாங்கிய சுண்டலை வாயில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தண்டிக்கும் சாமி கதை ரொம்பப் பழசு. இன்றைய ஈராக் பக்கம் ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதிய அத்ரகாசிஸ் கதையில், கால்வாய் வெட்டிக் களைத்த சின்னத் தெய்வங்கள் கருவிகளைக் கொளுத்திவிட்டு, பெரிய தெய்வம் என்லிலின் வீட்டை இரவில் சூழ்ந்துகொள்கின்றன. ஸ்ட்ரைக்தான். அதற்குக் கண்ட தீர்வு என்ன தெரியுமா? ஒரு தெய்வத்தை வெட்டி, இரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்து, கூடையை அவனிடம் ஏற்றிவிட்டார்கள். கொழுந்துக் கூடை சுமந்த நமக்கு இது புதுக்கதையா?

அப்புறம் சனம் பெருகியது, சத்தம் கூடியது, என்லிலுக்குத் தூக்கம் போனது. நோய், வறட்சி, பஞ்சம், கடைசியில் வெள்ளம். இத்தனைக்கும் குற்றம் வெறும் சத்தம்! சத்தத்துக்குத் தண்டனை என்றால் முதலில் மாட்டுவது நம் கோயில் ஸ்பீக்கர்தான், கோபிக்காதீர்கள். வெள்ளத்தில் சனம் அழிந்ததும் படையல் வைக்க ஆளில்லாமல் தெய்வங்களே பட்டினி கிடந்தன, தாய்த் தெய்வம் அழுதாள். சரி, நாம் மட்டும் என்ன? காமன் கூத்தில் சிவன் எரித்த மன்மதனுக்காக ரதியோடு சேர்ந்து அழுகிறவர்கள்தானே? எரிந்தது நியாயம் என்று அங்கே யாராவது மைக்கில் பேசியிருக்கிறோமா?

மீரியபெத்தையில் லயங்கள், தோட்டத்துச் சனத்தின் வரிசை வீடுகள், புதைந்தது 2014 ஒக்டோபர் 29 காலையில். அந்த மலை ஆபத்து என்று 2005 இலேயே எச்சரித்திருந்தார்கள். பிறகும் சனம் அதே லயத்தில்தான் இருந்தது. இதில் ஆத்தாளை ஏன் இழுக்கிறீர்கள்?

எங்கள் தண்ணீர்ப் பீலிக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு. போன வருசம் அதற்குள் விரல் போனது, இப்போது முழங்கை வரை போகிறது. மழை விட்டால் பீலியில் சேறாக வருகிறது.

அந்தக் களிமண் பலகைக் கதையில் என்கி என்று ஒரு தெய்வம் உண்டு. வெள்ளம் வருவதை நேரே சொல்ல முடியாமல், கதை நாயகன் அத்ரகாசிஸின் காதில் விழும்படி அவன் வீட்டு நாணல் சுவரிடம் சொன்னது. நம் ஸ்பீக்கரை அந்தச் சுவராக்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நடுச்சாமமானாலும் போடுங்கள், எந்தப் பாதையால் இறங்குவது என்றும் சொல்லுங்கள்.

அடுத்த வெள்ளி அதே மைக்கில் அந்தப் பேச்சையும் திருத்திவிடுங்கள். அக்கா கோயிலுக்கு வருவாரோ தெரியாது. ஸ்பீக்கர் அவர் காம்பரா வரை கேட்கும்.

இப்படிக்கு,
கீழ் லயத்தில் இருந்து ஒருத்தி