ஆபத்தாக ஓட்டினாரா, கவனமின்றி ஓட்டினாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விபத்து வழக்குச் செய்திகளில் ‘ஆபத்தாக ஓட்டினார்’ என்று தலைப்பில் வருகிறது, உள்ளே ‘கவனக்குறைவாக ஓட்டிய குற்றச்சாட்டு’ என்று இருக்கிறது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு இது உறுத்துகிறது. நீதிமன்றத்தில் இவை வெவ்வேறு குற்றச்சாட்டுகள்.

சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 64ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கு, 65ஆம் பிரிவு உரிய கவனமின்றி ஓட்டுவதற்கு. உயிர் போயிருந்தால், முதன்முறை சிக்கியவருக்கு 64இல் 8 ஆண்டு வரை சிறை. 65இல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது இரண்டும். 64இல் முன்பு கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையும் இருந்தது. முதன்முறை குற்றவாளிகளுக்கு அதை 2025இல் நாடாளுமன்றம் நீக்கியது. எந்தப் பிரிவென்று தெரியாமல் படிப்பவர்கள் நீதிபதியைத் திட்டுகிறார்கள். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துக் காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்தால் நீங்களே கேட்கலாம்.

அங்கே இன்னொரு வாதமும் ஓடும்: “ராத்திரி ரெண்டு மணி, ரோட்டில் ஈ காக்கா இல்லை, அதில் என்ன ஆபத்து அண்ணே?” சட்டத்தை எழுதியவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கிறார்கள் போல. சாலையின் தன்மை, நிலை, பயன்பாடு, அந்த நேரத்தில் இருந்த போக்குவரத்து, அப்புறம் அங்கே இருக்கக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்து, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது 64. அந்தக் கடைசிப் பகுதியை எழுதியவர் அதிகாலையில் வண்டி ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும். முதல் பேருந்தை எடுத்துக்கொண்டு வரும்போது, காலியாகத் தெரிகிற சாலையில்தான் ஈரச்சந்தைக்குக் கிளம்பிய பாட்டி தள்ளுவண்டியோடு குறுக்கே வருவார்.

யாருக்கும் அடிபடவில்லையே என்றும் தப்ப முடியாது. 2019 திருத்தத்தில் மரணம், கடுங்காயம், காயம், இவை ஏதுமில்லாதது என்று தண்டனையை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். கடைசிப் படிக்கும் சிறை உண்டு.

எனவே நீதிமன்றச் செய்திகளில் எந்தப் பிரிவு, அதிகபட்சத் தண்டனை என்ன என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தலைப்பு வைப்பவரும் அந்த வரியைப் பார்த்து வைத்தால் நல்லது. 65இன்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவரின் வீட்டிலும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்