ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஒரு ஃபார்மட் போட்டுக் கொடுத்துடுங்க." கம்ப்யூட்டரை மேஜைமேல் வைக்கும்போதே பலரும் கேட்பது இதைத்தான். போட்டால் சில நாள் வேகமாக ஓடும். ஆனால் மூலகாரணம் அப்படியே இருந்தால் மறுபடியும் பழைய கதைதான். இடையில் உங்கள் மென்பொருள்களையெல்லாம் முதலிலிருந்து நிறுவிய வேலைதான் மிச்சம். அதனால் எங்களிடம் வருவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடியவற்றை எழுதுகிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

முதலில் ரீஸ்டார்ட். "தினமும் ஷட் டவுன் செய்கிறேனே" என்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப்பகுதியும் டிரைவர்களும் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. மறுநாள் அதே நிலை அப்படியே திரும்ப ஏற்றப்படும். டிரைவர் ஏதாவது சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது. சந்தேகமிருந்தால் டாஸ்க் மேனேஜரில் (கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்) பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியிலும் அது பல நாள் கணக்கைக் காட்டும்.

அதற்குப் பிறகும் மந்தமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரை விட்டு வெளியே வராதீர்கள். கணினி திணறும் அந்த நேரத்திலேயே ப்ராசஸஸ் பக்கத்தில் எந்த எண் மேலே முட்டி நிற்கிறது என்று பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ராம், அதாவது ஓடும் வேலைகளுக்கான நினைவகம், போதவில்லை. 4 ஜிபி ராமில் பிரவுசரின் பத்து டேப்களைத் திறந்துவைத்தால் இதுதான் நடக்கும். டேப்களை மூடுங்கள், அல்லது 8 ஜிபிக்கு மாறுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'டிஸ்க் 0' என்பதன் கீழ் எச்டிடியா, எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எச்டிடி என்றால் அது சுழலும் தட்டுள்ள பழைய வகை. உள்ளே முள் ஒவ்வொரு இடமாக நகர்ந்துதான் படிக்க வேண்டும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் கேட்கும் நூறு சின்னக் கோப்புகளுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் முள்ளின் வேகம் கூடாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறுவதே தீர்வு. பழைய டிஸ்க்கை அப்படியே அதற்குக் குளோன் செய்துவிடலாம் (முழு நகல் எடுத்துவிடலாம்), எதையும் அழிக்க வேண்டியதில்லை. நாங்கள் செய்யும் வேலைகளில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்போம்.

சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் இதே தொல்லைதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அழிக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இறக்கிவைத்த எல்லாம் போய்விடும்.

கீபோர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கீயை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறதென்றால் பழுது கீபோர்டில் இல்லை. வலப்பக்க ஷிஃப்ட் கீயை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி இயங்கத் தொடங்கும்; அது சட்டென்று தட்டும் கீகளைப் புறக்கணித்துவிடும். கை ஊன்றிக்கொண்டு யோசிக்கும்போது தெரியாமல் நடந்துவிடும். மறுபடி 8 வினாடி பிடித்தால் போய்விடும்.

வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறதா? அதன் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 டிரைவ் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிரைவின் மின்காந்த இரைச்சல் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடும். ரிசீவரை மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும்.

பிரிண்டர் கொடுத்ததை அச்சிடாமல், ரத்தும் செய்யவிடாமல் அடம்பிடித்தால், விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போய் உள்ளிருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரைத் தொடாதீர்கள். பிறகு ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போய், இணையப் பக்கங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

மூன்று நிலைமைகளில் மட்டும் நீங்களாகச் சரிசெய்ய முயல வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தரவு போகும். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள். தண்ணீர் கொட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துக் கொண்டுவாருங்கள். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்ப்பதில்தான் போர்டு எரிகிறது.

கொண்டுவரும்போது சார்ஜரும் வேண்டும், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்பு எண்ணும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) சில அமைப்புகளை மாற்றினாலோ அது 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் எங்களாலும் திறக்க முடியாது.

அன்புடன்,
பழுதுநீக்கும் பிரிவினர்