எந்த அதிகாரம் அப்பா?

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழைய கதை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் தயாராகிறது. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே.

இதை உன் வீட்டு முகவரிக்குப் போடாமல் ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். ஏன் என்று நானும் சொல்லப்போவதில்லை, நீயும் கேட்க வேண்டாம். போன் போட்டால் “மீட்டிங்ப்பா” என்று வைத்துவிடுகிறாய். ராத்திரி பதினோரு மணிக்கு என்ன மீட்டிங்கோ.

காலையில் நான் வாட்ஸ்அப்பில் குறள் அனுப்பினால் நீ எண்ணைத் திருப்பி அனுப்புவாய். ‘இனிய உளவாக’ என்றால் 100. ‘இடுக்கண் வருங்கால்’ என்றால் 621. நான் பல் விளக்கி வருவதற்குள் பதில் வந்திருக்கும். சித்திரைக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுகிறது. எட்டாம் வகுப்பில் 1,330 குறளையும் ஒப்பித்து மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைக்கு மூன்று எண் தட்ட நேரமில்லை. அன்றைக்கு டெப்போ முழுக்க பால்கோவா கொடுத்தேன். “நம்ம கண்டக்டர் மகளா இது!” என்று ஒருத்தர் சொன்னதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். 70-இல் வள்ளுவர் மகனைத்தான் சொல்லியிருக்கிறார். போகட்டும், அவருக்கு உன்னைத் தெரியாது.

போன மாதம் ராஜபாளையம் காதுகுத்துக்கு மாப்பிள்ளை தனியாக வந்திருந்தார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். நன்றாகத்தான் பேசினார், இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மொய் எழுதும்போது மட்டும் தன் பெயரை மாத்திரம் சொன்னாராம். நோட்டில் எழுதியது நம் சின்னவன் என்பதால் எனக்குத் தெரிந்தது.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் அல்லவா?

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். 31 வருஷம் பையை மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். உட்கார்ந்து புத்தகம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த வள்ளுவர் எல்லாம் டிரைவர் தலைக்குப் பின்னால் பலகையில் இருந்த வள்ளுவர்தான். வண்டி மாறினால் குறளும் மாறும். டிக்கெட் கணக்கை இன்வாய்ஸில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான். திருமங்கலத்தில் விளங்காத சொல் சில நாள் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் விளங்கிவிடும். சில நாள் விளங்காது, கூட்டம் ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிப்போவேன். ஒரு நாள் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்பதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “இது எந்த அதிகாரம் அப்பா?” என்று கேட்டாய். வண்டியே சிரித்தது. “இது கண்டக்டர் அதிகாரம்” என்றேன். ஆறு வயது உனக்கு.

நான் கடைசியாக ஓடிய வண்டியில் இருந்தது 151. ‘தாங்கும்’ என்பதில் ‘தா’ உரிந்து போயிருந்தது. நான் சாக்பீஸால் எழுதி வைப்பேன், யாராவது சாய்ந்து அழித்துவிடுவார்கள், மறுபடி எழுதுவேன்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.

சில்லறைக்குச் சட்டையைப் பிடித்தவன், கடைசி ட்ரிப்பில் குடித்துவிட்டு ஏறி அம்மாவை இழுத்துப் பேசியவன், எல்லோரையும் இதை வைத்துத்தான் கடந்தேன். என் கை ஒருத்தன் மேலும் நீண்டதில்லை. ஒரு மெமோ வாங்கியதில்லை. எனக்கு அது உதவியது. அதனால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில், ராத்திரி பத்தரைக்கு நீ வந்து நின்றாயே, அதைச் சொல்கிறேன். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை நீ. இறக்கி வை என்று நானும் சொல்லவில்லை. காரணத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ சொன்னது கொஞ்சம், சொல்லாதது நிறைய. அதற்கு நான் 151 சொன்னேன். அது போதாதென்று பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். நீ பதில் சொல்லவில்லை, எண்ணும் சொல்லவில்லை. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், தெரிந்த கண்டக்டரிடம் “நம்ம பிள்ளை, பார்த்துக்கோ” என்று சொல்லி ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்ததை அம்மாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் உன் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பென்ஷன்காரனுக்கு யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது பாப்பா. அந்தக் குறளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘தம்மை இகழ்வார்’ என்றுதான் இருக்கிறது. என்னை இகழ்ந்தவனை நான் பொறுக்கலாம். உன்னை இகழ்ந்தவனை நீ பொறு என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கு அதில் இடமே இல்லை. நிலம் தாங்கும் என்கிறாரே, கிணறு வெட்டப் போன உன் பெரிய மாமாவைக் கேள். பக்கம் கட்டாமல் தோண்டிக்கொண்டே போனால் நிலமும் ஒரு நாள் சரியும். அவர் கால் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த குடும்பத்தில் இருந்துகொண்டு நான் உன்னை நிலமாக இரு என்றேன்.

129. ‘நாவினாற் சுட்ட வடு.’ இதற்கு மேல் எழுத வரவில்லை. அது நீ எனக்கு அனுப்பியிருக்க வேண்டிய எண்.

பஸ்ஸில் யார் ஏறினாலும் எங்கே இறங்கணும் என்றுதான் கேட்டிருக்கிறேன். ஏன் போகிறாய் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. அழுதுகொண்டே ஏறியவர்களைக்கூட. வீட்டில்தான் கேட்டேன்.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. மாடி அறையில் இருந்த நெல் மூட்டையை நேற்று அவளாகவே கீழே இறக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை, சின்னவனும் நானும் இறக்கி வைத்தோம். ஆடிப்பூரத்துக்கு என்று இல்லை, எந்த நாளும் வரலாம். ராத்திரிச் சாப்பாட்டை விடாதே என்று எழுதினேனா? விடாதே.

கோயம்புத்தூர் வண்டி உன்னை ஆரப்பாளையத்தில்தான் இறக்கும். அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் ஏறி அலைய வேண்டாம். ஆரப்பாளையத்திலேயே டீக்கடைப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார். எந்த நேரமானாலும் முன்னாடியே நான் வந்து நிற்பேன். ஏறியதும் வண்டி நம்பரை மட்டும் அனுப்பு.

அப்பா